குளிர் ஊரில் சுட்ட காலுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா?

கோத்தகிரிப் பக்கம் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முந்தாநாள் ராத்திரி குளிக்க எடுத்து வைத்த சுடுதண்ணீர் பக்கெட்டில் இடறி உங்கள் மூன்று வயதுப் பையன் வலது காலைச் சுட்டுக்கொண்டான். நீங்கள் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். "இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணி பட்டா ஜன்னி கண்டுடும்" என்று மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு டூத்பேஸ்ட் தடவிவிட்டார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இனி எந்தக் களிம்பு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி களிம்பைப் பற்றித்தான். ஆனால் "ரெண்டு நிமிஷம்கூடத் தண்ணி படல" என்று அதற்குள் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. குளிர் ஊரில் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா, அன்று யார் சொன்னது சரி என்பதை முதலில் சொல்லிவிட்டுக் களிம்புக்கு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 9 வருடம், பிறகு மலைக்குக் கீழே தீக்காய வார்டில் 14 வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கட்டுப் பிரித்துக் கட்டுவது என் தொழில். ஆபரேஷன், தோல் ஒட்டு எல்லாம் டாக்டர்கள் முடிவு செய்வது, அதில் நான் தலையிட மாட்டேன். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்துப் புண் எவ்வளவு ஆழம் என்றும் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்கிற டாக்டரே முதல் இரண்டு மூன்று நாள் உறுதியாகச் சொல்லத் தயங்குவார். தீப்புண் அந்த நாட்களில் மாறிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். இதில் சந்தேகமே இல்லை. உங்கள் மாமியார் குளிருக்குப் பயந்ததும் வீண் பயம் இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. சுட்ட இடம் குளிர வேண்டும், பிள்ளை குளிரக் கூடாது. கால் சுட்டால் காலில் மட்டும் தண்ணீர் ஓட வேண்டும். மற்ற உடம்பைக் கம்பளியில் சுற்றி, தலைக்குக் குல்லா மாட்டி, மடியில் உட்கார வைத்து, ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எடை கொஞ்சம், தோல் பரப்பு அதிகம், உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பிள்ளையை முழுசாக நனைத்து, ஜன்னல் திறந்த குளியலறையில் நிறுத்தி வைத்தால் பாட்டி பயந்தது நடக்கத்தான் செய்யும்.

எவ்வளவு நேரம்? 20 நிமிடம். பலருக்கு இது நம்ப முடியாத நேரம். "அஞ்சு நிமிஷம் ஊத்தினேன், எரிச்சல் நின்னுடுச்சு" என்று வருவார்கள். அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் இரும்புச் சட்டியில் தாளிப்பு கருகுகிறதே, அந்த மாதிரிதான். சுடுதண்ணீர் வழிந்து போன பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு அங்கேயே நின்று வேலை செய்யும். வெந்த இடத்தின் நடுப்பகுதி செத்துவிட்டது, அதை மீட்க முடியாது. வெளி ஓரம் வெறும் சிவப்பு, அது தானே ஆறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் பிழைக்கவா சாகவா என்று ஒன்றிரண்டு நாள் ஊசலாடும். தண்ணீர் காப்பாற்றுவது அந்த வளையத்தைத்தான். 20 நிமிடம் என்ற கணக்கு முதலில் பன்றிகளை வைத்துச் செய்த சோதனைகளில் வந்தது. அவற்றின் தோல் நம் தோலுக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது. பிறகு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தீக்காயத்தோடு வந்த 2,495 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் வைக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தோல் ஒட்டு தேவைப்படும் வாய்ப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. பழைய முதலுதவிப் புத்தகங்களில் 10 நிமிடம் என்றும் இருக்கும். பத்துதான் முடிந்தது என்றால் அதுவும் வீண் இல்லை. தாமதமானாலும் 3 மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு. மறுநாள் ஊற்றிப் பயனில்லை, ஆகவே இப்போது கட்டைப் பிரித்து ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்தது தண்ணீரின் குளிர்ச்சி. ஐஸ் வைக்கக் கூடாது என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஐஸ் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஊசலாடும் அந்த வளையத்துக்குப் போகிற கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். ஜனவரியில் எங்கள் குழாய்த் தண்ணீரே ஐஸ் மாதிரிதானே என்று நீங்கள் கேட்பது நியாயம். 15 டிகிரி வாக்கில் இருப்பது மிக நல்லது, 8 முதல் 25 வரை பரவாயில்லை என்பது தீக்காய மருத்துவர்களின் கணக்கு. மலைக் குழாய்த் தண்ணீர் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இதற்குள் வந்துவிடும். கீழே வெயில் ஊரில் சின்டெக்ஸ் டேங்கில் கொதித்துக் கிடக்கும் தண்ணீரைவிட நம் தண்ணீர் தீப்புண்ணுக்கு எவ்வளவோ மேல். ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தாவில் புல் வெளுத்துக் கிடக்கிற உறைபனி ராத்திரிகளில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் செய்வது இது: பக்கெட் தண்ணீரில் என் கையை முக்குவேன். ஒரு நிமிடத்துக்குள் விரல் எலும்பு கடுக்க ஆரம்பித்தால் அரைச் செம்பு வெந்நீர் கலப்பேன். இது என் கை வழக்கம்தான், புத்தகத்தில் இருக்காது. கலந்த பிறகும் தண்ணீர் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும், வெதுவெதுப்பு கூடாது. பிள்ளை நடுங்க ஆரம்பித்தால் நிறுத்தித் துடைத்துச் சூடாக்கிவிட்டுத் திரும்ப ஊற்றலாம்.

குழாயில் தண்ணீர் வராத நாள் என்றால் டிரம்மில் பிடித்து வைத்ததை மக்கில் மொண்டு ஊற்றுங்கள். சுட்ட இடத்தில் ஓங்கி அடிக்காமல் சற்று மேலே ஊற்றி வழியவிட வேண்டும். தண்ணீரே போதாது என்றால் நனைத்த சுத்தமான துணியைப் போட்டு, அது சூடாகும் முன் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே ஈரத்துணியைப் போட்டுவிட்டு மறந்துபோவதில் பயன் இல்லை.

தண்ணீருக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊரில் அதை விட்டுவிடுகிறோம். கீழே இருப்பவர்களுக்கு வராத தொல்லை இது. இங்கே பிள்ளைகள் ராத்திரியில் பனியன், சட்டை, ஸ்வெட்டர், காலில் கம்பளிச் சாக்ஸ் என்று அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். கம்பளி சுடுதண்ணீரைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிப் பிடித்து வைக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையைச் சாக்ஸோடு தூக்கி வந்தார்கள். முட்டிக்குக் கீழே கால் முழுக்க சிவப்பு மட்டும்தான். சாக்ஸ் இருந்த இடத்தில், எலாஸ்டிக் கோடு போட்ட மாதிரி, வட்டமாகத் தோல் வழன்றிருந்தது. ஒரே தண்ணீர், ஒரே நேரம் கொட்டியது. ஆகவே கொட்டிய உடனே நனைந்த துணியைக் கழற்றுங்கள். உருவ வேண்டாம், கத்தரியால் வெட்டி விரியுங்கள். கொலுசு, வளையல், அரைஞாண் எல்லாம் அந்த இடத்தில் இருந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும். அரை மணியில் வீங்கி இறுகிவிடும். துணி தோலில் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் பிய்க்காமல் சுற்றிலும் வெட்டிவிட்டு அதன் மேலேயே தண்ணீர் ஊற்றலாம். நைலான், அக்ரிலிக் ஸ்வெட்டரில் தீப்பிடித்தால் அது உருகி ஒட்டும். அப்போதும் இதே முறைதான்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அதனால் சூடு கம்மி என்பார்கள். பாதி உண்மை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். பருப்பு வேகாமல் குக்கரைத் தேடுவது அதனால்தான். ஆனால் 60 டிகிரித் தண்ணீரே பெரியவர் தோலை 5 விநாடியில் வேக வைத்துவிடும், குழந்தைத் தோலுக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். 92-க்கும் 100-க்கும் அந்தக் காலுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

டூத்பேஸ்ட் விஷயத்துக்கு வருவோம். அதில் இருக்கும் புதினா குளிர்ச்சி நாக்குக்கும் தோலுக்கும் ஒரு பிரமை, சூடு இறங்குவதில்லை. பூசின பசை சூட்டை உள்ளே அடைத்து வைக்கும். அதைவிட மோசம், அதை யாராவது சுரண்டி எடுக்க வேண்டும். மாமியாரைத் திட்டாதீர்கள், அவர் காலத்தில் இதுவே பரவாயில்லை என்ற வகை. நான் பார்த்தவை: பேனா இங்க், மஞ்சள், முட்டை வெள்ளை, தேங்காய் எண்ணெய், காபித்தூள், நீல மருந்து (ஜென்ஷன் வயலட்). ஒரு நாள் ராத்திரி எட்டு வயதுப் பெண் ஒருத்தியைக் கை முழுக்க இட்லி மாவோடு கொண்டுவந்தார்கள். மூன்று மணி நேரப் பயணத்தில் மாவு காய்ந்து வெடித்து, வெடித்த ஓரங்களில் தோலும் சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. புளித்த வாடை. சலைனை ஊற்றி ஊற்றி ஊற வைத்து, விரல் இடுக்கில் இருந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்தப் பெண் கத்தவில்லை, "போதும் சிஸ்டர், போதும் சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சுட்டபோது பட்ட வலியைவிட அது அதிகம் என்று நினைக்கிறேன். பேனா இங்க்கும் நீல மருந்தும் வேறு வகையில் கெடுதல். நிறம் ஏறிவிட்டால் அடியில் தோல் சிவப்பா, வெளுப்பா என்று டாக்டருக்குத் தெரியாது. ஆழத்தைக் கணிப்பதே அந்த நிறத்தை வைத்துத்தான்.

நீலகிரித் தைலத்தை நம் ஊர்க்காரர்கள் எதற்கும் எடுப்பார்கள். சளிக்குத் துண்டில் தெளிப்பது இருக்கட்டும், வெந்த தோலில் வேண்டாம். அது தோலை எரிக்கும் எண்ணெய், தீயும் பிடிக்கும். சின்னப் பிள்ளை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரக்கூடிய பொருள். புட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சந்தேகமான சங்கதிகளும் உண்டு, அவற்றை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். தேன் அதில் ஒன்று. மேலோட்டமான தீப்புண்ணைத் தேன் கட்டு சீக்கிரம் ஆற்றுகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன, நம் நாட்டு ஆய்வுகளும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் போடுவது கிருமி நீக்கிய தேன். மலைத்தேன் நல்ல தேனாகவே இருக்கலாம், ஆனால் பாட்டிலில் கிருமி இல்லை என்று யாரும் பரிசோதித்துத் தரவில்லை. உருளைக்கிழங்கும் அப்படித்தான். பம்பாயில் வேகவைத்துச் சுத்தம் செய்த உருளைத் தோலைக் கட்டாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், வாழை இலையையும் ஆவியில் கிருமி நீக்கிப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் புண்ணில் ஒட்டாது, பிரிக்கும்போது வலிக்காது, விலையும் மலிவு. கேத்திப் பள்ளத்தாக்கில் மண்ணோடு தோண்டி எடுத்த கிழங்கைப் பச்சையாக அரைத்து அப்புவது அதுவல்ல. கற்றாழை, தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, தோல் உரியாத சின்னச் சிவப்புக்குப் போடலாம். இலையை வெட்டியதும் கசியும் மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவிய பிறகு எடுங்கள், அந்தப் பால் அரிக்கும்.

இப்போது களிம்பு. கொட்டிய முதல் மணி நேரத்தில் எந்தக் களிம்பும் வேண்டாம், பர்னாலும் சேர்த்துத்தான். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தருகிற வெள்ளைக் களிம்பு சில்வர் சல்ஃபாடயசீன். வார்டில் பல வருடம் நானே டப்பா டப்பாவாகப் பூசியிருக்கிறேன். ஆழமான, அழுக்குப் பட்ட புண்ணில் இன்னமும் அதைப் போடுகிறார்கள். மேலோட்டமான புண்ணில் அது ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்பது இப்போது பெரும்பாலும் ஒப்புக்கொண்ட விஷயம். புண்மேல் மஞ்சளாக ஒரு ஏடு படியும், அதைச் சீழ் என்று பயந்து வருபவர்கள் பாதிப் பேர். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் ஆகாது. உங்கள் பையனுக்குப் போட்டிருப்பது வாஸ்லின் தடவிய வலைத்துணிக் கட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கட்டு. அதன்மேல் நீங்களாக எதையும் வாங்கிப் பூச வேண்டாம்.

எது வீட்டோடு போகும், எதற்கு ஓட வேண்டும்? அடிபட்டவரின் விரல் சேர்ந்த உள்ளங்கை அவர் உடம்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். உங்கள் கை அல்ல, பையன் கை. அந்தக் கை அளவுக்கு மேல் கொப்புளம் இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் இருந்தாலோ, கையையோ காலையோ சுற்றி வளையமாக இருந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. உங்கள் பையனுக்குப் பாதம், ஆஸ்பத்திரிக்குப் போனது சரி. வெந்த இடம் வெளுத்தோ தோல்செருப்பு மாதிரி பழுப்பாகவோ இருந்து வலியே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், நரம்பும் வெந்துவிட்டது என்று அர்த்தம். வாட்டர் ஹீட்டர் ராடில் ஷாக் அடித்த காயம் வெளியே பொட்டு மாதிரி இருந்தாலும் உள்ளே பெரிதாக இருக்கும், இதயத்தையும் பார்க்க வேண்டும். தீயில் சிக்கியவருக்கு மூக்கில் கரி படிந்து குரல் கரகரத்தால் 20 நிமிடம் என்று உட்கார வேண்டாம், உடனே 108. குழந்தைகளுக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டினால் நரம்பு வழி திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், சீசன் நெரிசல். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு இறங்குபவர்களுக்கும் இதே கதை. அதனால் முதல் 20 நிமிடத்தை வீட்டிலேயே செலவழித்துவிட்டுக் கிளம்புவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் மலை இறங்காதீர்கள், அதுதான் பிள்ளையை விறைக்க வைக்கும். துடைத்துவிட்டு, சமையலறையில் சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் சுருள் இருந்தால் முதல் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்ததைப் புண்மேல் நீளவாக்கில் போர்த்துங்கள். இறுக்கிச் சுற்ற வேண்டாம், முகத்தில் வேண்டவே வேண்டாம். இல்லாவிட்டால் துவைத்த பழைய பருத்தி வேட்டி போதும். பஞ்சு மட்டும் ஆகாது, இழை ஒட்டிக்கொள்ளும். மேலே கம்பளி. காலை உயர்த்தி வையுங்கள்.

வீட்டில் வயதானவர் இருப்பதால் ஒன்று. மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெந்நீர்ப் பையைக் காலுக்கடியில் வைத்துத் தூங்க விடாதீர்கள், உணர்ச்சி குறைந்த காலில் சுடுவதே தெரியாது. காலையில் கொப்புளத்தோடு எழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கரி அடுப்பில் குளிர் காய்வதும் வெளியேதான், மூடிய அறைக்குள் அதன் புகையில்லாத விஷக்காற்று ஆளையே கொண்டுபோய்விடும்.

இனி உங்கள் பையன். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள், தானாக உடைந்தால் அடுத்த கட்டின்போது அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போய் டெட்டனஸ் தவணை சரியா என்று காட்டுங்கள். அடுத்த சில நாட்களில் காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாந்தி, பேதி, சோர்ந்து கிடப்பது இவற்றில் எது வந்தாலும், புண் சின்னது என்று பார்க்காமல் அன்றே கூட்டிப் போங்கள். சின்னத் தீப்புண்ணிலிருந்தும் குழந்தைகளுக்குக் கிருமியின் நஞ்சு ரத்தத்தில் ஏறுவது உண்டு. நாளை மறுநாள் கட்டு மாற்ற வரச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, கிளம்ப அரை மணி நேரம் முன்பு, டாக்டர் எழுதிய அளவில் பாரசிட்டமால் சிரப் கொடுத்துவிடுங்கள். கட்டின்மேல் அவனுடைய சாக்ஸை இழுத்து மாட்ட வேண்டாம், அப்பாவின் பழைய தொளதொளச் சாக்ஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கம்மா, குளிரும் தாங்கும், கட்டும் நகராது.